செலவைப் பார்த்து நிரப்புதல்: ஆய்வகக் கிடங்குக்கான வழிமுறை

பெங்களூரின் மருத்துவ ஆய்வகங்களில் கிடங்கைக் கவனிக்கும் நம்மவர்கள், சென்ற ஆண்டின் கணக்கை வைத்து மாதத் தொடக்கத்தில் மொத்தமாக ஆர்டர் கொடுத்தால், ஒருபுறம் ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான வேதிப்பொருள்) காலாவதியாகும், மறுபுறம் பிப்பெட் முனை (திரவத்தை அளந்தெடுக்கும் குழாயின் நுனி) தீர்ந்துபோகும். அன்றாடம் உண்மையில் செலவாகும் அளவே ஆர்டரைத் தூண்ட வேண்டும்.

தீர்ந்தால் பரிசோதனையே நின்றுவிடும் பொருள்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் நாள் சராசரிச் செலவை, சரக்கு வந்துசேர ஆகும் நாள்களால் பெருக்கி, அதனுடன் பாதுகாப்பு இருப்பை, அதாவது எதிர்பாராத தேவைக்கென வைக்கும் கூடுதல் சரக்கை, கூட்டுங்கள். டெங்குப் பரிசோதனை நாளுக்கு 12, சரக்கு வர 10 நாள், பாதுகாப்பு இருப்பு 60 எனில், மறு ஆர்டர் எல்லை 180; இருப்பு இந்த அளவுக்கு இறங்கினால் ஆர்டர் கொடுக்க வேண்டும். வந்துசேரும் நாள்களை விற்பனையாளரின் வாக்கிலிருந்து எடுக்காதீர்கள்; கோரிக்கை எழுதிய நாள் முதல் அலமாரியில் வைத்த நாள் வரை, உள் ஒப்புதலுக்கான தாமதத்தையும் சேர்த்து, பழைய பதிவேட்டிலிருந்தே எண்ணுங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த படியில்தான். அலமாரியில் 150 மட்டுமே இருப்பதைக் கண்டு பதறி ஆர்டர் கொடுக்கக் கூடாது. முன்பே ஆர்டர் கொடுத்து வரவிருக்கும் 96-ஐக் கூட்டி, பரிசோதனைகளுக்கென ஏற்கெனவே ஒதுக்கிய 40-ஐக் கழித்தால் 206 வருகிறது; இது 180 என்ற எல்லைக்கு மேல், ஆகவே இன்று ஆர்டர் தேவையில்லை.

மழைக்காலத்தில் டெங்கு பெருகுவதால், ஜூன் மாதத்துக்கு முன்பே சராசரியை உயர்த்துங்கள். மழை ஓய்ந்ததும் குறைக்க மறவாதீர்கள். 2 முதல் 8 டிகிரியில் வைக்கும் கிட்களை, காலாவதிக்குள் செலவாகும் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். முதலில் காலாவதியாவதை முன்வரிசையில் அடுக்குங்கள்.