வீட்டுக் கடனில் தவணையை அல்ல, காலத்தைக் குறையுங்கள்

வீட்டுக் கடனில் கூடுதலாக ஒரு தொகையைக் கட்டும்போது, மாதத் தவணையை அப்படியே வைத்துக் கடன் காலத்தை மட்டும் குறைக்கும்படி வங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். 30 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளில் அடைப்பதாக வாங்கினால், முதல் தவணையான ஏறத்தாழ 26,035 ரூபாயில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. ஆகவே தொடக்க ஆண்டுகளில் அசலில் நேரடியாகக் கழியும் ஒவ்வொரு ரூபாயும், அதன்மேல் பல ஆண்டுகள் ஏறியிருக்கக்கூடிய வட்டியையும் சேர்த்தே மிச்சப்படுத்துகிறது. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வசூலிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. நிலையான வட்டிக் கடனில் கட்டணம் இருக்கக்கூடும் என்பதால், ஒப்பந்தத்தை முதலில் பாருங்கள். கிரெடிட் கார்டு பாக்கியோ அதிக வட்டியிலான தனிநபர் கடனோ இருந்தால், அதை அடைத்த பிறகே இந்த வழிக்கு வர வேண்டும். அவசரச் செலவுக்கான கையிருப்பைத் துடைத்தெடுத்து இதில் போடவே கூடாது.