பூமருதுக்குப் பந்தி விருந்து வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் திசுவளர்ப்பு ஆய்வுக்கூடம் ஒரு கடைவீட்டின் மாடி அறைதான். மரத்தின் சிறு துண்டைப் போத்தலில் வைத்துச் செடியாக்கும் வேலை. செம்பனைத் தோட்டத்துக் கூடத்தில் போத்தல் கழுவப் போய், தளிர் வெட்டக் கற்றுக்கொண்டவள் நான். இப்போது வீடமைப்புப் பகுதிகளின் சாலையோரத்துக்குப் பூமருது வளர்க்கிறேன். மலாய்க்காரர்கள் புங்கூர் என்பார்களே, அதுதான்.

முதல் ஆண்டு போத்தலில் தளிர்கள் கொழுகொழுவென்று வந்தன. இலைகள் கண்ணாடிபோல் பளபளத்தன. பூரித்துப்போனேன். மண்ணுக்கு மாற்றிய இரண்டே நாளில் எல்லாம் வெந்த கீரையாகச் சாய்ந்தன. ஹார்மோனைக் குறைத்துப் பார்த்தேன், பயனில்லை. கோளாறு சாப்பாட்டில் இருந்தது.

போத்தலில் தளிருக்குச் சாப்பாடாகும் உப்புக் கலவையை ஊடகம் என்போம். எல்லோரும் வாங்கும் எம்.எஸ். ஊடகத்தை முராஷிகேயும் ஸ்கூகும் 1962இல் புகையிலைத் திசுவுக்காக அமைத்தார்கள். லிட்டருக்கு அமோனியம் நைட்ரேட் 1650 மில்லிகிராம், பொட்டாசியம் நைட்ரேட் 1900. புகையிலை தாங்கும், பல மரங்கள் தாங்குவதில்லை. லாயிடும் மெக்கவுனும் மரவகைகளுக்காகப் பின்னர் அமைத்த ஊடகத்தில் அமோனியம் நைட்ரேட் 400தான். பொட்டாசியம் நைட்ரேட் கிடையாது. பொட்டாசியம் சல்பேட் 990, கால்சியம் நைட்ரேட் 556. மொத்த நைட்ரஜன் எம்.எஸ்.ஸில் இருப்பதில் ஏறக்குறைய கால்பங்கு. அமோனியம் மிகுந்தால் இலை நீர்கோத்துக் கண்ணாடியாகும். செடி அதை உறிஞ்ச உறிஞ்ச ஊடகமும் அமிலமாகும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரே தாய்மரத்துக் கணுக்களை முப்பது போத்தல்களில் வையுங்கள்: பத்தில் எம்.எஸ்., பத்தில் பேருப்புகளை (அதிக அளவில் சேரும் உப்புகளை) மட்டும் பாதியாக்கிய எம்.எஸ்., பத்தில் மர ஊடகம். சீனி, ஹார்மோன், ஊடகத்தைக் கூழாக்கும் அகார் ஆகியவை மூவகைப் போத்தல்களிலும் ஒரே அளவு. அமிலநிலை 5.8, கிருமி போக 121 பாகை செல்சியஸில் வேகவைப்பது வழக்கம்போல. நான்கு வாரம் கழித்து உயரத்தை அளக்காதீர்கள். இலையை மடித்துப் பாருங்கள்: பொடுக்கென்று கண்ணாடிபோல் உடைந்தால் அந்தப் போத்தல் தோற்றது. என் பூமருதுக்கு மர ஊடகம் ஒத்துவந்தது. உங்கள் கொன்றைக்குப் பாதி எம்.எஸ். போதுமாக இருக்கலாம்.

நுனி கருகினால் கால்சியத்தைச் சந்தேகியுங்கள். ஆனால் உடனே உப்பைக் கூட்டாதீர்கள். கால்சியம் இலை வியர்க்கும் நீரோடுதான் மேலே ஏறும். இறுக மூடிய போத்தலில் இலை வியர்க்காது. முதலில் காற்றுப் போகும் மூடிக்கு மாறுங்கள். எனக்குப் பாதிக் கருகல் அதிலேயே நின்றது.

வேர் பிடிக்கும் கட்டத்தில் உப்பை மேலும் பாதியாக்குவேன். வயிறு நிறைந்த தளிர் வேரைத் தேடாது என்பது என் கணக்கு.

கால்சியக் கரைசலையும் பாஸ்பேட் கரைசலையும் அடர்நிலையில் சேர்த்துவிடாதீர்கள். வெண்மையாக அடியில் படிந்துவிடும், செடிக்கு எட்டாது. புட்டியின் ஒட்டுச்சீட்டையும் படியுங்கள். எம்.எஸ்.ஸுக்கு வேண்டிய 440 மில்லிகிராம் கால்சியம் குளோரைடு, நீர்மூலக்கூறு இரண்டு கொண்ட வகைக்கான எடை. நீரற்றது என்றால் 332. ஒருமுறை கடையில் வகை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், நானும் பழைய எடையையே போட்டேன். இன்று நீரற்ற புட்டிகளுக்கெல்லாம் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.