முதல் நாள் எல்லாமே ஒட்டும்: புதுப் பரப்புகளில் வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேன்வாஸ் அலுத்துப்போயிருந்த சமயத்தில், புது ஜி.ஐ. தகடு ஒன்றில் எனாமல் பெயிண்டால் ஒரு படம் வரைந்தேன். இடையிடையே தகட்டின் மினுமினுப்பு தெரிய, நீலமும் கறுப்பும் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போன விதம் எனக்கே பிடித்திருந்தது. ஒரு வாரம் கழித்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. பெருமையாகச் சுவரில் மாட்டினேன். ஏழெட்டு மாதம் போயிருக்கும், ஓரத்தில் சின்னதாக ஒரு மடிப்பு. விரலால் பிடித்து மெல்ல இழுத்தால், உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் பாம்புச் சட்டை போல உரிந்து கையோடு வந்துவிட்டது. அடியில் தகடு அப்படியே புதுசாக இருந்தது. உரிந்த தோலின் உட்பக்கத்தைத் தடவினால் சோப்பைத் தொட்டதுபோல வழவழவென்று இருந்தது.

அது சோப்பேதான் என்று பிறகு தெரிந்தது. ஜி.ஐ. தகட்டின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. எனாமலில் இருக்கும் எண்ணெய்ச் சரக்கு அந்தத் துத்தநாகத்தோடு மெல்ல வினைபுரிந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை சோப்பை உண்டாக்குகிறது. பெயிண்ட் காய்ந்து, நாம் அதை மறந்தே போன பிறகு மாதக்கணக்கில் நடக்கிற வேலை இது. தகட்டை நன்றாகக் கழுவிவிட்டு, துத்தநாகத்துக்கென்றே விற்கும் பிரைமரை முதலில் அடித்திருந்தால் படம் பிழைத்திருக்கும்.

புதுப் பொருள்களில் கைவைக்கும் ஓவியர்கள் செய்கிற தவறுகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளைக்கின்றன. முதல் நாள் கண்ணுக்குத் தெரிவதை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். முதல் நாள் எல்லாமே ஒட்டும், எல்லா நிறமும் பளிச்சென்று இருக்கும்.

இந்தத் தவறில் நமக்குப் பெரிய துணை ஒருவர் உண்டு. மிலான் நகரத்து மடாலயம் ஒன்றின் உணவுக்கூடச் சுவரில் லியனார்டோ டாவின்சி ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தை ஏறக்குறைய 1495 முதல் 1498 வரை வரைந்தார். ஈரச் சுண்ணப் பூச்சு காய்வதற்குள் வரைந்து முடிக்கிற ஃபிரெஸ்கோ முறைதான் அன்றைய வழக்கம். வரைந்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி திருத்துகிற அவருடைய நிதானத்துக்கு அது ஒத்துவரவில்லை. அதனால் காய்ந்த சுவரில் ஈய வெள்ளை அடிப்பூச்சு கொடுத்து, மரப்பலகையில் வரைவதுபோல வரைந்தார். அவர் உயிரோடு இருந்தபோதே வண்ணம் உதிர ஆரம்பித்துவிட்டது. கடைசியாக நடந்த சீரமைப்பு மட்டும் 1978 முதல் 1999 வரை இழுத்தது. புது முறையை அவர் முயன்று பார்த்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. முயற்சியை நேராக அந்தப் பெரிய சுவரிலேயே செய்ததுதான் இடறிவிட்டது.

பரப்பைக் கேட்காமல் தூரிகையை எடுப்பது

கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக், ஓடு என்று எதை எடுத்தாலும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும். ஆலையில் பூசிய எண்ணெய், கைரேகை, பழைய மெழுகு. பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவிவிட்டு, மேலே சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கண்ணாடியிலும் உலோகத்திலும் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரும்பக் கழுவ வேண்டும். அப்புறம் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை மங்கவைத்தால் பெயிண்டுக்குப் பிடி கிடைக்கும். தேய்த்த தூளைத் துடைத்த பிறகு பரப்பை வெறும் விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள்.

பிளாஸ்டிக்குக்கு இந்தச் சோதனை பலிக்காது. வாளி, மூடி, டப்பா எல்லாம் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். எத்தனை முறை கழுவினாலும் அவற்றின் மேல் தண்ணீர் உருளும், பெயிண்டும் அப்படித்தான். அடியில் அச்சிட்டிருக்கும் முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்ற எண்கள் இருந்தால், அந்த வகைக்கென்று இருக்கும் ஒட்டுப் பிரைமர் இல்லாமல் இறங்க வேண்டாம். தெர்மோகோல் இதற்கு நேரெதிர். ஸ்பிரே பெயிண்ட் பட்ட இடமெல்லாம் குழிந்து கரைந்துவிடும். அந்தக் குழிகள்தான் வேண்டும் என்றால் சரி, ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். அக்ரிலிக் ஷீட்டை ஸ்பிரிட்டால் துடைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கண்ணாடிக்குச் சரியான அதே ஸ்பிரிட், வெட்டி வளைத்த அக்ரிலிக் ஷீட்டில் மயிரிழைபோல விரிசல் விடவைக்கும். ஒரு பரப்பில் கற்ற பாடத்தை யோசிக்காமல் அடுத்த பரப்புக்குத் தூக்கிக்கொண்டு போகிற ஆபத்து இதுதான்.

சிமெண்ட் பூச்சைப் பற்றி ஒரே சொல்: பொறுங்கள். புதுப் பூச்சு கடுமையான காரத்தன்மை உள்ளது. எண்ணெய் வண்ணம் அதன்மேல் பட்டால் என் தகட்டில் நடந்த அதே சோப்புக் கதைதான். 28 நாள் காயவிடுவது வழக்கம். அதற்கு மேலும் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பின்னால் எங்கோ ஈரம் இருக்கிறது. ஈரத்தை நிறுத்தாமல் எந்தப் பெயிண்டாலும் அதை மூட முடியாது.

பழைய கதவு, பெட்டிப் பலகை போன்றவற்றில் வேறு தொல்லை. மரத்தின் கறை மேலே ஏறும். வெள்ளை அடித்த மறுநாள் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் காரணம் இதுதான். நீர் கலந்த அக்ரிலிக்கும், அதைக் கெட்டியாக்கக் கலக்கும் ஜெல்லும் காயும்போது ஹார்ட்போர்டுக்குள் இருக்கும் பழுப்பைத் தம்மோடு மேலே இழுத்துக்கொண்டு வரும். கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டிய ஜெல் தேநீர் நிறத்தில் நிற்கும். கறையைத் தடுக்கும் சீலரை முதலில் அடித்துவிட்டு, அதற்கு மேல் பிரைமர். பின்பக்கத்தையும் ஓரங்களையும் சேர்த்து அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் மூடினால் பலகை ஒரு மழைக்காலத்திலேயே வளைந்துவிடும்.

சரி, ஒட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நகத்தால் சுரண்டுவது போதாது. பெயிண்ட் தொழிலில் இதற்கென்று ஐ.எஸ்.ஓ. 2409 என்ற தர முறையே இருக்கிறது. அதன் எளிய வடிவத்தை வீட்டிலேயே செய்யலாம். வரைந்த அதே முறையில் ஒரு சின்னத் துண்டில் பெயிண்டைப் பூசி இரண்டு வாரம் காயவிடுங்கள். கூரான பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடும், குறுக்கே ஆறு கோடும் அடிவரை கீறுங்கள். அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். கட்டங்கள் எல்லாம் நின்றால் நல்லது. கோட்டோரம் மட்டும் கொஞ்சம் சிதறினால் யோசிக்க வேண்டும். கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால், பெரிய படமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொரு துண்டை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இதையே மறுபடி செய்யுங்கள். என் தகடு முதல் சோதனையில் தேறியிருக்கக்கூடும், இதில் தேறியிருக்காது என்று நினைக்கிறேன்.

அடுக்குகளின் சண்டை

கலப்பு ஊடகம், அதாவது ஒரே படத்தில் பல வகை வண்ணமும் பொருளும் சேர்ப்பது, என்றால் எதன்மேலும் எதையும் பூசலாம் என்று பொருள் இல்லை. காய்ந்த அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் நிற்காது. எண்ணெய் வண்ணத்துக்குள்ளேயும் எண்ணெய் குறைந்த அடுக்கு கீழே, கூடியது மேலே. மாற்றினால் வெடிக்கும். விறைப்பான கனத்த பட்டியை (சுவரில் பள்ளம் நிரப்பப் பூசும் பசையை)த் தொளதொளத்த துணியில் அப்பினால் சுருட்டும்போதே நொறுங்கும். அப்படிக் கனமாக அப்ப வேண்டுமென்றால் அடியில் பலகை வேண்டும்.

தாரை வைத்து விளையாட ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தார் வகைப் பழுப்பு வண்ணம் 18, 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களை அதன் ஆழ்ந்த, தேன்போன்ற நிறத்தால் மயக்கியது. அது முழுக்கக் காய்வதே இல்லை. மேலே பூசிய அடுக்கு காய்ந்து இறுகும், அடியில் இது நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் காலப் படங்கள் பலவற்றில் முதலைத் தோல்போல விரிந்திருக்கும் வெடிப்புகள் அதனால் வந்தவை.

நிறம் தங்குமா என்று பார்க்காதது

மார்க் ராத்கோ 1960களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்த பெரிய ஓவியங்கள், வெயில் நன்றாக விழுகிற ஓர் உணவறையில் 1964இல் மாட்டப்பட்டன. அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு என்ற நிறமி வெளிச்சத்தைத் தாங்காது. சிவப்பு வடிந்துபோய், 1979இல் படங்களைக் கழற்றிவைக்க வேண்டியதாயிற்று. 2014இல் அவற்றை மறுபடி காட்சிக்கு வைத்தபோது படத்தின் மேல் யாரும் தூரிகையை வைக்கவில்லை. போன நிறம் எவ்வளவோ அவ்வளவை மட்டும் புரொஜெக்டர் ஒளியாக ஒவ்வோர் இடத்திலும் பாய்ச்சினார்கள். விளக்கை அணைத்தால் படம் வெளிறிவிடும்.

நமக்கு அந்த வசதி வராது. மஞ்சள்தூள், பூச்சாறு, பீட்ரூட், தேயிலை என்று இயற்கை நிறங்களில் இறங்குகிறவர்கள், இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை நம்பிவிடுகிறார்கள். மஞ்சள்தூளின் நிறம் வெயிலில் சீக்கிரமே வெளுக்கும். போதாததற்குச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் பட்டால் சிவந்துவிடும். செய்தித்தாளை ஒட்டி வரைகிறவர்களும் கவனிக்க வேண்டும், அந்தத் தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் அதைப் பழுப்பாக்கி முறுகவைக்கும். சோதிப்பது சுலபம்: தாளில் பட்டையாக நிறத்தைப் பூசி, பாதியை அட்டையால் மூடி, வெயில் வரும் ஜன்னலில் இரண்டு மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். அட்டையை எடுத்ததும் இரண்டு பாதியும் தாமே பேசும்.

வாசனை இல்லையென்றால் ஆபத்து இல்லை என்பது

ஹார்ட்னர் என்ற இன்னொரு திரவத்தோடு கலந்தால் இறுகிக் கட்டியாகும் எபாக்ஸி ரெசினைப் பற்றி இப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். பெரிதாக நாற்றம் வராது, தேன்போல அழகாக ஓடும், வெறுங்கையால் வழித்து எடுக்கத் தோன்றும். கட்டியாகாத ரெசினும் ஹார்ட்னரும் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் உடம்பு ஒவ்வாமையைக் கற்றுக்கொள்ளும். ஒருமுறை அது வந்துவிட்டால் பிறகு ஒரு துளி பட்டாலும் தடிப்பும் அரிப்பும்தான், வாழ்நாள் முழுக்க. நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்காமல் சோப்பால் கழுவுங்கள். தின்னர் ரெசினைத் தோலுக்குள்ளேயே கொண்டுபோகும்.

கலவை விகிதத்தில் கண் திட்டம் வேண்டாம். புட்டியில் சொன்னது எடை அளவா, கன அளவா என்று பார்த்துத்தான் கலக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று கூட்டினால், காலத்துக்கும் பிசுபிசுவென்று நிற்கும். கப்பில் நிறையக் கலந்து அப்படியே வைத்தால் சூடேறிப் புகையும், சில சமயம் கப்பே உருகும். மெல்லிய அடுக்குகளாக ஊற்றுவதுதான் வழி.

பிளாஸ்டிக்கைச் சுட்டு உருக்கி வேலை செய்கிறவர்கள், பி.வி.சி.யை மட்டும் நெருப்புக்குக் காட்டவே கூடாது. அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் குளோரைடு வாயு, நுரையீரலை அரிக்கும். பழைய கதவு, ஜன்னல்களின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே அவற்றை உலர்வாக உப்புத்தாளால் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

பொருள் சும்மா நிற்பது

இது வேறு மாதிரித் தவறு, படம் உரியாது, வெளுக்காது. ரம்பத்தகட்டின்மேல் ஒரு மலைக்காட்சி. நன்றாகவே வரைந்திருப்பார்கள். அதையே கேன்வாஸில் வரைந்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. கானாவில் பிறந்த சிற்பி எல் அனட்சுயி மதுப்புட்டி மூடிகளைத் தட்டித் தகடாக்கிச் செம்புக் கம்பியால் கோத்துப் பெரிய திரைகள் செய்கிறார். உலோகம்தான், ஆனால் துணிபோல மடிகிறது, ஒவ்வோர் இடத்தில் மாட்டும்போதும் வேறு மடிப்பு விழுகிறது. அந்த மடிப்பை முன்கூட்டியே முடிவு செய்யாமல், மாட்டுகிறவர்களிடமே விட்டுவிடுகிறார். மூடி செய்யக்கூடிய வேலையை மூடிக்கே கொடுத்திருக்கிறார் என்று படும் எனக்கு.

பொருள் அழியும் என்று தெரிந்தே எடுப்பதும் ஒரு வழிதான். ஈவா ஹெஸ்ஸி 1960களின் இறுதியில் லேடெக்ஸில் செய்த சிற்பங்கள் இன்று பழுத்து விறைத்துப்போயிருக்கின்றன. அவை நிலைக்காது என்பது அவருக்கே தெரியும், விலைக்கு வாங்குகிறவர்களை நினைத்து அவருக்குக் குற்றவுணர்வும் இருந்தது. தெரிந்து செய்தால் அது நாமே எடுத்த முடிவு. வாங்குகிறவரிடம் சொல்லாமல் விற்றால் அது வேறு.

ஒன்று விட்டுப்போயிற்று: குறிப்பு. ஒரே படத்தில் புதுப் பரப்பு, புதுப் பசை, புது வண்ணம் மூன்றையும் மாற்றிவிட்டு, எது கைவிட்டது என்று பிறகு தேடுவதில் பயன் இல்லை. ஒரு தடவைக்கு ஒன்றை மாற்றுங்கள். என்ன பிரைமர், எத்தனை அடுக்கு, எத்தனை நாள் இடைவெளி என்று படத்தின் முதுகிலேயே எழுதிவையுங்கள். நோட்டுப்புத்தகம் தொலைந்துபோகும்.

உரிந்த தகட்டை நான் தூக்கிப்போடவில்லை. பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆறு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிரைமர், முதுகில் தேதி எழுதி, மழைச் சாரல் படுகிற ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருக்கிறேன். பதினான்கு மாதம் ஆகிறது. மூன்றாவது துண்டின் ஓரம் போன வாரம் லேசாகத் தூக்கியிருக்கிறது.