பேப்பர் திருத்தும்போது பெயர்ப் பக்கத்தை மடித்து வையுங்கள்

பொதுத்தேர்வு திருத்தும் முகாமில் நம் கைக்கு வரும் விடைத்தாளில் டம்மி எண்தான் இருக்கும், எந்தப் பிள்ளை எழுதியது என்று தெரியாது. ஆணா பெண்ணா என்று பார்த்துக் கை சாய்கிற சிக்கலெல்லாம் பள்ளிக்குள் முகம் தெரிந்து போடுகிற மார்க்கில்தான். இங்கே கடலூரில் பிளஸ் டூ இயற்பியலுக்குச் செய்முறை 20, அகமதிப்பீடு 10. சிபிஎஸ்இக்கு மாறிவிட்ட புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குப் பாடத்துக்கு 20 மார்க் பள்ளியின் கையில் இருக்கிறது.

"நான் ஆண், பெண் என்று பார்ப்பதே இல்லை" என்று நம்பிக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். கணக்கில் விடை சரி, அலகை எழுதவில்லை என்று வையுங்கள். பையன் தாளாக இருந்தால் "அவசரத்துல விட்டுட்டான், மூளைக்காரன்" என்று அரை மார்க் போட்டுவிடுகிறோம், பெண் பிள்ளை தாளாக இருந்தால் "உருப்போட்டு எழுதியிருக்கு" என்று கை தானாக வெட்டிவிடுகிறது. ரெக்கார்டு நோட்டில் இதுவே தலைகீழாகும்: கோடு போட்டு அழகாக எழுதிய நோட்டுக்கு முழு மார்க், தேவனாம்பட்டினத்தில் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு வந்து அள்ளிக் கொட்டின மாதிரி எழுதிய பையனுக்கு, சோதனையைச் சரியாகச் செய்திருந்தாலும், வெட்டு. அடக்கத்துக்கும் கையெழுத்துக்கும் போடுகிற மார்க் இயற்பியல் மார்க் ஆகாது.

சாய்வு ஒரே பக்கம்தான் இருக்கும் என்று நினைப்பதும் தவறு. இஸ்ரேலில் விக்டர் லாவி என்ற பொருளியலாளர், அதே மாணவர்களுக்குப் பள்ளி ஆசிரியர் போட்ட மார்க்கையும் பெயர் தெரியாமல் வெளியே திருத்திய மார்க்கையும் ஒப்பிட்டு 2008-இல் எழுதினார். அதில் பள்ளி மார்க்கில் அடிபட்டவர்கள் பையன்கள். அவரே பிறகு எடித் சாண்ட் என்பவரோடு ஆரம்பப் பள்ளிகளைப் பார்த்தபோது, கணக்கில் பையன்களுக்குத் தாராளமாகப் போட்ட ஆசிரியர்களிடம் படித்த பெண்கள் பிற்பாடு உயர்நிலைக் கணிதம் எடுப்பது குறைந்திருந்தது. ஒரு மார்க்தானே என்று விட்டுவிட முடியாது.

நம் நாட்டிலும் ரெமா ஹன்னா, லீ லிண்டன் என்ற பொருளியலாளர்கள் இருவரும் விடைத்தாளின் முகப்பில் பாலினம், வயது, சாதி மூன்றையும் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பாலினத்தால் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை, தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதியிருந்த தாளுக்கு மட்டும் மார்க் கொஞ்சம் குறைந்தது, அதுவும் கட்டின் தொடக்கத்தில் திருத்திய தாள்களில் அதிகம். மனதில் அளவுகோல் உறுதியாகாதபோது முகப்பைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்பதுதான் எனக்குப் புரிவது. அதனால் விடையின் ஒவ்வொரு படிக்கும் ஸ்டெப் மார்க் எவ்வளவு என்று எழுதி வைக்காமல் கட்டைப் பிரிக்காதீர்கள். ஒரு கேள்வியை எல்லாத் தாளிலும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முதலில் திருத்தியவற்றைக் கடைசியில் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், குழுச் செயல்திட்டத்தில் சார்ட் எழுதியது பெண்கள், எழுந்து விளக்கியது பையன் என்றால் மார்க் பேசினவனுக்கே போய்விடுகிறது. யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள், போதும்.