பொத்தானின் பின்பக்க இலக்கம்
ஹட்டனில் பாவித்த லீவைஸ் ஜீன்ஸ் வாங்கி விற்கிறேன். நுவரெலியாவில் எடுத்த ஜீன்ஸ் கட்டுக்குள் போலியும் கலந்திருந்தது. பிரிப்பதிலேயே பல நாள் வீணானது. தையல் நல்ல போலியிலும் நேராகவே இருந்தது. இடுப்புத் தோல் பட்டையில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. பின் பொக்கெட்டின் சிவப்புப் பட்டியில் பெயரில்லாமல், வட்டத்துக்குள் ஆர் எழுத்து (®) மட்டும் இருந்தால் போலி என்றார்கள். அது சரியில்லை. அந்தப் பட்டியே தன் வணிக முத்திரை என்று காட்ட, கம்பனியே ஒரு பகுதியை அப்படித்தான் தைக்கிறது.

அப்புறம் இடுப்புப் பொத்தானின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே குத்தியிருக்கும் இலக்கம், உள்ளே தைத்த சலவை லேபலில் உள்ள தொழிற்சாலை இலக்கத்தோடு பொருந்த வேண்டும். கட்டு ஒரே மாலையில் பிரிந்தது, பெரிய நிம்மதி. லேபல் வெட்டியிருந்தாலோ பொத்தான் மாற்றியிருந்தாலோ இந்த வழி உதவாது. அப்படியான ஜீன்ஸை பிராண்ட் பெயர் சொல்லி விற்பதில்லை.