மொய் நோட்டை ஊர்வாரியாகப் பிரிப்போம்: ஆர்எக்ஸ் ஸ்விஃப்டில் பிரிவுப் பட்டியல்

காரைக்குடிப் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் மொய் எழுதும் மேசையில் ஒன்றைக் கவனிக்கலாம். ஆட்கள் வருகிற வரிசையில்தான் நோட்டில் பெயர் ஏறும். முதலில் பள்ளத்தூர், அடுத்தது காரைக்குடி, அப்புறம் கானாடுகாத்தானிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தம், திரும்பவும் பள்ளத்தூர். கல்யாணம் முடிந்து வீட்டில் நோட்டைப் புரட்டுகிற ஆச்சி கேட்பது வேறு: "பள்ளத்தூர்க்காரங்க யார் யாரு, எவ்வளவு செஞ்சிருக்காங்க?" வந்த வரிசை ஒன்று, பார்க்க வேண்டிய வரிசை இன்னொன்று.

இதையே ஒரு ஐபோன் ஆப்பாகச் செய்து பார்ப்போம். மொய் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். திரையில் அது ஊர்வாரியாகப் பிரிந்த பட்டியலாக, தலைப்பில் அந்த ஊரின் மொத்தத் தொகையோடு தெரிய வேண்டும். ஸ்விஃப்டில் அர்ரே, ஸ்ட்ரக்ட், க்ளோஷர் தெரிந்திருந்தால் போதும். ஆர்எக்ஸ் ஸ்விஃப்ட் என்பது, மாறிக்கொண்டே இருக்கும் தரவைத் திரையோடு இணைக்க உதவும் ஒரு நூலகம் (லைப்ரரி). அது முன்பின் தெரிய வேண்டியதில்லை.

ஒரு விஷயம். கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். எக்ஸ்கோடில் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்தாலே ஆட்டோகம்ப்ளீட் மீதியைக் காட்டிவிடும்.

படி 1: தேவையானவை

புதிய யூஐகிட் திட்டம் ஒன்றைத் திறந்து, ஸ்விஃப்ட் பேக்கேஜ் மேனேஜர் வழியாக ஆர்எக்ஸ் ஸ்விஃப்ட், பிரிவுப் பட்டியலை டேபிளோடு இணைக்க உதவும் ஆர்எக்ஸ் டேட்டாசோர்சஸ் இரண்டையும் சேருங்கள். முதல் பேக்கேஜிலேயே ஆர்எக்ஸ் கோகோவும் ஆர்எக்ஸ் ரிலேவும் வரும், அவற்றையும் டிக் செய்துகொள்ளுங்கள். பழைய பாடங்களில் 'அப்சர்வ்ஆன்' என்று ஒரே சொல்லாக இருப்பது 2021 ஜனவரியில் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து 'அப்சர்வ்' என்று சுருங்கி, 'ஆன்' அடைப்புக்குறிக்குள் போய்விட்டது. பழைய வரிகளை அப்படியே ஒட்டினால் எச்சரிக்கை வரும்.

படி 2: ஒரு மொய்க்கு ஒரு ஸ்ட்ரக்ட்

'மொய்' என்ற ஸ்ட்ரக்டில் ஐடி, பெயர், ஊர், தொகை, நேரம் ஆகியவை இருக்கட்டும். ஐடிக்கு யூயூஐடி கொடுங்கள். பெயரையும் ஊரையும் ஒட்டி ஐடி ஆக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும், வேண்டாம். இங்கே தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஒரே ஊரில், ஒரே வளவில்கூட இரண்டு மூன்று சொக்கலிங்கம் இருப்பார்கள். மூன்று பேரும் மொய் செய்வார்கள்.

சோதிக்க இந்த ஐந்தை வைத்துக்கொள்வோம், வந்த வரிசையில்:

சொக்கலிங்கம், பள்ளத்தூர், 501
வள்ளியம்மை, காரைக்குடி, 1001
மெய்யப்பன், கானாடுகாத்தான், 501
சொக்கலிங்கம், பள்ளத்தூர், 201
உமையாள், கோட்டையூர், 1001

படி 3: ஒவ்வொன்றாக வருவதைப் பட்டியலாக்குவது

ஆர்எக்ஸில் ஸ்ட்ரீம் என்பது நேரம் போகப் போக மதிப்புகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும் ஒன்று. 'சேமி' பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஒரு மொய் வெளிவரும்படி ஒரு பப்ளிஷ் ரிலே வையுங்கள். இதே வேலையைச் செய்யும் 'சப்ஜெக்ட்' என்பதை விட்டுவிட்டு ரிலேயை எடுப்பதற்குக் காரணம், ரிலேயில் பிழை வந்து ஸ்ட்ரீம் முடிந்துபோவது என்ற பேச்சே கிடையாது. திரையோடு இணைந்த ஸ்ட்ரீம் நடுவில் செத்துப்போனால் அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. தொடக்கக்காரர்களை அதிகம் சுற்றவிடுகிற கோளாறு அது.

ஆனால் டேபிளுக்குத் தேவை ஒரு மொய் அல்ல, இதுவரை வந்த எல்லா மொய்யும். அதற்குத்தான் 'ஸ்கேன்'. காலி அர்ரேயில் தொடங்கி, புதிதாக வருவதைப் பழைய அர்ரேயின் கடைசியில் சேர்த்து, ஒவ்வொரு முறையும் முழு அர்ரேயை வெளியிடும்.

இதில் ஒரு நுணுக்கம். ஆர்எக்ஸ் ஸ்விஃப்டின் ஸ்கேன் அந்தக் காலி அர்ரேயைத் தானாக வெளியிடாது. முதல் மொய் வந்தபிறகுதான் வாய் திறக்கும். "இன்னும் மொய் வரவில்லை" என்று திரையில் காட்ட நினைத்தால் அது வராது. ஸ்கேனுக்கு அடுத்து 'ஸ்டார்ட் வித்' போட்டு ஒரு காலி அர்ரேயை முன்னால் தள்ளிவிடுங்கள். படி 6-இலும் இது தேவைப்படும்.

மொய் மேசையில் திருத்தம் வராமல் இருக்காது. "501 இல்லப்பா, 1001" என்று யாராவது வந்து நிற்பார்கள். அதனால் ரிலேயில் வெறும் மொய்யை அனுப்பாமல் சேர், திருத்து, நீக்கு என்று மூன்று வகையுள்ள ஒரு 'ஈனம்' (enum) மதிப்பை அனுப்புங்கள். ஸ்கேனுக்குள் ஒரு ஸ்விட்ச்: சேர் என்றால் கடைசியில் ஒட்டு, திருத்து என்றால் அதே ஐடியைத் தேடி மாற்று, நீக்கு என்றால் எடுத்துவிடு. தரவுத்தளம் வைத்திருந்து, அது மாறும்போதெல்லாம் முழு அர்ரேயையும் தானே வெளியிடுகிறது என்றால், இந்தப் படியே வேண்டாம். நேராக அடுத்ததற்குப் போகலாம்.

படி 4: அர்ரேயைப் பிரிவுகளாக்குவது

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பிரிவுகளை எங்கேயும் சேமித்து வைக்காதீர்கள். பள்ளத்தூருக்கு ஒரு அர்ரே, காரைக்குடிக்கு ஒரு அர்ரே என்று வைத்து, மொய் வரும்போது சரியான அர்ரேயில் போட ஆரம்பித்தால், ஊர் பெயரைத் திருத்துகிற முதல் நாளே சிக்கல்: பழைய அர்ரேயில் எடுக்க வேண்டும், புதியதில் சேர்க்க வேண்டும், பழையது காலியானால் தலைப்பையும் நீக்க வேண்டும். மாறாக, கையில் இருப்பது வந்த வரிசையில் உள்ள ஒரே நீளப் பட்டியல் மட்டும். பிரிவு என்பது அதிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டு எடுப்பது. ஒரு கல்யாணத்துக்குச் சில நூறு வரிகள். போன் அதைக் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும்.

கணக்கிடும் வேலையைத் தனி ஃபங்ஷனாக எழுதுங்கள். உள்ளே போவது மொய் அர்ரே, வெளியே வருவது பிரிவு அர்ரே. ஆர்எக்ஸ் வாடையே அதில் வேண்டாம். அப்போதுதான் திரை இல்லாமலே டெஸ்ட் எழுத முடியும். ஸ்ட்ரீமில் 'மேப்' போட்டு இந்த ஃபங்ஷனைக் கொடுத்தால் சரி.

ஃபங்ஷனுக்குள் டிக்‌ஷனரியின் 'க்ரூப்பிங், பை' இனிஷியலைசர் ஊரைச் சாவியாக வைத்துக் கூட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ஸ்விஃப்டில் டிக்‌ஷனரிக்கு வரிசை கிடையாது. ஹாஷ் விதை ஆப் திறக்கும்போதெல்லாம் மாறும் என்பதால் இன்றைக்குக் கோட்டையூர் முதலில், நாளைக்குப் பள்ளத்தூர் முதலில் என்று ஆடும். ஆகவே சாவிகளை வரிசைப்படுத்தியே தீர வேண்டும்.

அங்கேதான் தமிழுக்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது. வெறும் 'சார்ட்டட்' போட்டால் யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும். யூனிகோடில் 'ன' என்ற எழுத்து 'ந'-வை ஒட்டியே வருகிறது, 'ர'-வுக்கு முன்னால். நம் அகராதி வரிசையிலோ 'ன' மெய்யெழுத்துகளில் கடைசி. விளைவு, கானாடுகாத்தான் முதலிலும் காரைக்குடி அடுத்தும் வரும். அகராதிப்படி காரைக்குடிதான் முதலில் வர வேண்டும். 'வ', 'ழ', 'ள', 'ற' வரும் இடங்களிலும் இதே குளறுபடி. வயதானவர்கள் பட்டியலில் ஊரைத் தேடும்போது இது நன்றாகவே உறுத்தும். தீர்வு சுலபம்: ஒப்பிடுவதற்கு '<' குறியை நம்பாமல், ஸ்ட்ரிங்கின் 'கம்பேர்' முறையை எடுத்து லொகேலாக (எந்த மொழியின் வழக்கப்படி என்பதாக) தமிழைக் கொடுங்கள்.

இன்னொன்று, ஊர் பெயரை அடிக்கும் விதம். "தேவகோட்டை" என்று ஒருவர், "தேவக்கோட்டை" என்று இன்னொருவர், கடைசியில் ஒரு ஸ்பேஸ் விட்டு மற்றொருவர். கணினிக்கு இவை மூன்று ஊர். ஸ்பேஸை 'ட்ரிம்மிங்' பார்த்துக்கொள்ளும். ஒற்றெழுத்தை அது பார்க்காது. எனக்குப் பிடித்த வழி, ஊரை அடிக்கவே விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்வது. மேசையில் கூட்டம் நெருக்கும்போது அதுதான் வேகமும்கூட.

இவ்வளவும் முடிந்தால் நம் ஐந்து வரிகள் இப்படி வெளியே வரும்:

காரைக்குடி (1001): வள்ளியம்மை
கானாடுகாத்தான் (501): மெய்யப்பன்
கோட்டையூர் (1001): உமையாள்
பள்ளத்தூர் (702): சொக்கலிங்கம் 501, சொக்கலிங்கம் 201

பிரிவுக்குள் வந்த வரிசை அப்படியே இருப்பதைப் பாருங்கள். க்ரூப்பிங் அதைக் கலைக்காது.

படி 5: டேபிளோடு இணைப்பது

'ஊர்ப்பிரிவு' என்று ஒரு ஸ்ட்ரக்ட்: ஊர், அதன் கீழுள்ள மொய்கள். அது ஆர்எக்ஸ் டேட்டாசோர்சஸின் 'செக்‌ஷன் மாடல் டைப்' என்ற ப்ரோட்டோகாலைப் பின்பற்ற வேண்டும். கேட்பது இரண்டுதான்: 'ஐட்டம்ஸ்' என்ற பண்பு, பழைய பிரிவையும் புதிய ஐட்டங்களையும் வாங்கிப் புதுப் பிரிவு உருவாக்கும் ஒரு இனிஷியலைசர். தொகையைத் தனியாக வைக்காமல் ஐட்டங்களைக் கூட்டித் தருகிற கம்ப்யூட்டட் பண்பாக வையுங்கள்.

அடுத்து டேட்டாசோர்ஸ். இரண்டு வகை இருக்கிறது: முழுவதையும் திரும்ப ஏற்றும் 'ரீலோட்' வகை, மாறியதை மட்டும் கண்டுபிடித்து அசைத்துக் காட்டும் 'அனிமேட்டட்' வகை. அனிமேட்டட் பார்க்க அழகாக இருக்கும், எல்லோரும் அதற்குத்தான் ஓடுவார்கள். முதலில் ரீலோட் வகையை எடுங்கள் என்பேன். அனிமேட்டட் வகைக்குப் பிரிவுக்கும் வரிக்கும் தனித்தனி அடையாளம் வேண்டும். ஒரே அடையாளம் இரண்டு முறை வந்தால் ஒப்பிடுவதே பிழையில் முடியும். பெயரை ஐடி ஆக்காதீர்கள் என்றது இதற்காகவும்தான். அடையாளம் மாறாத பிரிவின் தலைப்பை அது திரும்ப வரையாது என்பதால், பள்ளத்தூரில் புது மொய் ஏறினாலும் தலைப்பில் பழைய 501 அப்படியே நிற்கும். சரி, தொகையையும் சேர்த்தே அடையாளமாக்குவோம் என்றால், ஒவ்வொரு மொய்க்கும் அந்தப் பிரிவு முழுவதும் மறைந்து திரும்ப வரும். அனிமேட்டட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், மொத்தத் தொகையைத் தலைப்பிலிருந்து எடுத்துப் பிரிவின் முதல் வரியாகப் போட்டுவிடுங்கள்.

'கன்ஃபிகர் செல்' க்ளோஷரில் பெயரும் தொகையும், 'டைட்டில் ஃபார் ஹெடர் இன் செக்‌ஷன்' க்ளோஷரில் ஊரும் கூட்டுத்தொகையும். பிறகு ஸ்ட்ரீமை டேபிளின் 'ஆர்எக்ஸ் ஐட்டம்ஸ்' இடத்தில் 'பைண்ட்' செய்து, கடைசியில் 'டிஸ்போஸ்ட் பை' போட்டு, இணைப்புகளைப் பிடித்து வைத்திருக்கும் டிஸ்போஸ் பேகில் போடுங்கள். பேக் வியூகன்ட்ரோலரின் பண்பாக இருக்க வேண்டும். 'வியூடிட்லோட்' உள்ளேயே உருவாக்கினால் அந்த ஃபங்ஷன் முடிகிற நொடியில் இணைப்பும் அறுந்துவிடும். டேபிள் காலியாகக் கிடக்கும், பிழைச்செய்தி ஒன்றும் வராது.

யூஐடேபிள்வியூகன்ட்ரோலரைப் பயன்படுத்துகிறவர்கள், பைண்ட் செய்யும் முன் டேபிளின் டேட்டாசோர்ஸை 'நில்' (nil, அதாவது காலி) ஆக்குங்கள். அந்தக் கன்ட்ரோலர் தன்னையே அங்கே வைத்துக்கொண்டிருக்கும். ஆர்எக்ஸ் வந்து அமர இடம் இருக்காது.

ஆக முழுச் சங்கிலி இது:

ரிலே → ஸ்கேன் → ஸ்டார்ட் வித் → மேப் → பைண்ட்

படி 6: தேடலும் பிரிக்கும் முறையும்

இப்போது இரண்டு வசதிகள். ஒன்று, தேடல் பெட்டி. இன்னொன்று, எதை வைத்துப் பிரிப்பது என்று மாற்றும் செக்மென்ட் பொத்தான். நகரத்தார் வீட்டுக் கல்யாணம் என்றால் ஊரோடு கோயிலும் கேட்பார்கள். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில் பிரிவுகள் இருப்பதால் மொய் ஸ்ட்ரக்டில் கோயிலுக்கும் ஒரு இடம் வையுங்கள், ஆப்ஷனலாக. எல்லா விருந்தாளியும் நகரத்தார் அல்லவே. கோயில் இல்லாதவர்கள் 'மற்றவர்கள்' என்ற கடைசிப் பிரிவில் வரட்டும். கோயில் வரிசைக்கு அகர வரிசை பொருந்தாது. வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற வரிசையை ஒரு அர்ரேயில் எழுதி அதன்படி அடுக்குங்கள்.

இப்போது திரை மூன்று ஸ்ட்ரீம்களைப் பொறுத்தது: மொய் பட்டியல், தேடல் சொல், பிரிக்கும் முறை. மூன்றையும் 'கம்பைன் லேட்டஸ்ட்' சேர்க்கும். எது மாறினாலும் மூன்றின் கடைசி மதிப்புகளையும் எடுத்துக்கொண்டு மேப்புக்குக் கொடுக்கும். மூன்றும் ஒரு தடவையாவது மதிப்பு வெளியிட்டால்தான் அது வேலையைத் தொடங்கும். தேடல் பெட்டியும் செக்மென்டும் இணைந்தவுடனே தற்போதைய மதிப்பைச் சொல்லிவிடும். மொய் பட்டியலுக்குப் படி 3-இல் போட்ட ஸ்டார்ட் வித் கைகொடுக்கும்.

தேடல் சொல்லுக்கு 300 மில்லிசெகண்ட் 'டிபவுன்ஸ்' வையுங்கள், தட்டுவது நின்று அவ்வளவு நேரம் ஆனபிறகுதான் சொல் போய்ச் சேரும். தமிழ் கீபோர்டில் ஒரு உயிர்மெய்யை முடிப்பதற்குள் இரண்டு மூன்று தட்டல் ஆகும், ஒவ்வொன்றுக்கும் பட்டியல் துள்ள வேண்டாம். வடிகட்டுவதைப் பிரிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். அப்போது காலிப் பிரிவு உருவாகவே செய்யாது.

படி 7: மேலே மொத்தத் தொகை

நம் ஐந்துக்கு 3205 என்று திரையின் மேலே காட்ட வேண்டும். பட்டியல் ஸ்ட்ரீமையே இன்னொரு மேப்பில் கூட்டி லேபிளில் பைண்ட் செய்தால் ஆயிற்று. ஆனால் இப்போது ஒரே ஸ்ட்ரீமை இருவர் கேட்கிறார்கள், ஸ்கேன் இருவருக்கும் தனித்தனியாக ஓடும். ஒருவர் தாமதமாக இணைந்தால் அவர் பட்டியல் குறைவாக இருக்கும். டேபிளில் ஐந்து பேர், மேலே மூன்று பேரின் தொகை. ஸ்டார்ட் வித்துக்குப் பின் 'ஷேர்' போட்டு, 'ரீப்ளே' 1 கொடுங்கள்: இருவரும் ஒரே ஸ்கேனைப் பகிர்வார்கள், தாமதமாக இணைபவருக்கும் கடைசிப் பட்டியல் கிடைக்கும்.

ஆண்ட்ராய்டில் செய்கிறவர்களுக்கு

காட்லின் ஃப்ளோவில் ஸ்கேனுக்கு இணையானது 'ரன்னிங் ஃபோல்ட்'. அது தொடக்க மதிப்பையும் வெளியிடுவதால் ஸ்டார்ட் வித் தேவையில்லை. 'கம்பைன்', 'மேப்' பெயர்கள் ஏறக்குறைய அதே. 'க்ரூப்பை' சாவிகளை முதலில் வந்த வரிசையிலேயே வைத்திருக்கும். அகர வரிசைக்குத் தமிழ் லொகேலோடு, சொற்களை ஒப்பிடும் ஒரு கொலேட்டர். திரைக்கு 'லேஸி காலம்' (LazyColumn) என்ற பட்டியலும் 'ஸ்டிக்கி ஹெடர்' தலைப்பும்.

ஸ்விஃப்டில் இல்லாத ஒரு தொல்லை மட்டும் இங்கே உண்டு. கோட்டையூரின் முதல் எழுத்தில் உள்ள ஓகாரக் குறியைச் சில கீபோர்டுகள் ஒரே குறியாக அனுப்பும், சில இடங்களில் இரட்டைச் சுழி ஏகாரக் குறியும் துணைக்காலும் என்று இரண்டாகப் பிரிந்து வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்விஃப்ட் இரண்டையும் சமம் என்று எடுத்துக்கொள்ளும், காட்லின் எடுத்துக்கொள்ளாது. ஒரே கோட்டையூர் இரண்டு தலைப்புகளாக நிற்கும். பிரிப்பதற்கு முன் ஊர் பெயரை நார்மலைசரில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தேடல் சொல்லையும் அதே வழியில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் "கோ" என்று தேடினால் பாதிப் பேர்தான் வருவார்கள்.