வாய்விட்டுச் சொல்ல முடியாத மாணவரிடம் "எது பிடிக்கும்?" என்று கேட்க ஏஐ படங்கள்

பேச்சு வராத பிள்ளைகளின் ஓய்வு நேரத்தை நாம்தான் முடிவு செய்கிறோம். மணி கோக்கக் கொடுத்து உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது! அவர்களிடமே கேட்கலாம். பொருள்களையோ படங்களையோ இரண்டிரண்டாகக் காட்டித் தேர்ந்தெடுக்க வைக்கும் முறை 1990களிலிருந்தே சிறப்புக் கல்வியில் இருக்கிறது. நம் ஊர் விளையாட்டுகளுக்குப் படம் கிடைப்பதுதான் கஷ்டம். அதற்குத்தான் ஏஐ.

படி 1. உடனே கொடுக்க முடிகிற நான்கை மட்டும் எடுங்கள்: கேரம், பல்லாங்குழி, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பாட்டுக் கேட்பது. குளம் இல்லாத பள்ளியில் நீச்சல் படம் வேண்டாம். நான்கையும் மாணவர் ஒரு முறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.

படி 2. ஜெமினியிலோ சாட்ஜிபிடியிலோ இப்படித் தட்டுங்கள்:

"பள்ளிச் சீருடையில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தரையில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுகிறான். மரப்பலகையில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, குழிகளில் புளியங்கொட்டை. பின்னால் வெள்ளைச் சுவர். எழுத்து வேண்டாம்."

வெறுமனே 'பல்லாங்குழி' என்றால் ஏதோ ஒரு பலகை வந்து நிற்கும். குழிகளையும் விரல்களையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று தடவை திருத்தியும் சரியாக வரவில்லையா? வகுப்பில் இருக்கும் பலகையைப் போனில் படம் எடுத்துவிடுங்கள், ஏஐயோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மற்ற மூன்று படங்களுக்கும் விளையாட்டை மட்டும் மாற்றுங்கள். சுவர், சீருடை, வெளிச்சம் அப்படியே இருக்கட்டும். ஒன்றில் மட்டும் பலூன் பறந்தால் பிள்ளை பலூனைத்தான் தொடும். மாணவரின் சொந்தப் படத்தை எந்தச் செயலியிலும் ஏற்றாதீர்கள்.

படி 3. நான்கு படங்களுக்கு ஆறு ஜோடி. இடம் வலம் மாற்றி இன்னொரு முறை காட்டினால் பன்னிரண்டு. ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. "எது வேணும்?" என்று கேட்டு ஐந்து விநாடி காத்திருங்கள். தொட்டாலும் சரி, கண்ணால் காட்டினாலும் சரி. கண்ணால் காட்டுபவருக்குப் படங்களை நன்றாகத் தள்ளி வையுங்கள். தேர்ந்தெடுத்ததும் அதையே இரண்டு நிமிடம் கொடுத்துவிட வேண்டும். "அப்புறம் தரேன்" என்றால் படத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிடும். எதையும் தொடவில்லையா? எடுத்து வைத்துவிடுங்கள், கையைப் பிடித்துத் தொட வைக்காதீர்கள்.

படி 4. ஒவ்வொரு படமும் ஆறு முறை வந்திருக்கும். எத்தனை முறை தேர்வானது என்று குறியுங்கள். எப்போதும் வலப்பக்கமே தொட்டால் அது விருப்பமல்ல, பழக்கம். மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள். கேரம் படத்தைத் தொட்டுவிட்டு, பலகை வந்ததும் எழுந்து போகிறாரா? படம்தான் பிடித்திருக்கிறது. அப்போது உண்மையான பொருள்களையே இரண்டிரண்டாக வைத்துக் கேளுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு ஒலி போதும். குழியில் புளியங்கொட்டை விழும் சத்தம், கேரம் காய் மோதும் சத்தம் இரண்டையும் போனிலேயே பதிவு செய்யலாம், ஏஐ தேவையே இல்லை.